நீண்ட காலத்துக்கு

கிள்ளானை ஒட்டிய மேருவில், அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு எதிரே, சாலையோர மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு லியனார்ட் கண்ணாடியை இறக்கினார். பக்கத்து இருக்கையில் அவர் மகன் கென்னத், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பைக் கடித்துக்கொண்டே தொழிற்சாலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு லோரி வந்தது. "ஹினோ" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "இசுசு." அவன் சொன்னால் தப்பாது. இருபத்தொன்பது வயதாகியும் சட்டைப் பொத்தானைச் சரியான துளையில் போட அவனுக்கு வராது. கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கிவர வராது. ஆனால் எவ்வளவு தூரத்தில் வந்தாலும் லோரியின் முகத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடுவான். லியனார்ட் பார்க்க வந்தது வேறு. லோரிகள் பளுவோடு வெளியேறுகின்றனவா, காலியாகவா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பளு ஏறிய வண்டியின் பின்சக்கரம் தார்ச்சாலையை அழுத்துகிற விதமே தனி. செந்தூல் ரயில் பட்டறையில் பெட்டிகளின் பிரேக்கையும் சக்கரத்தையும் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவர் அவர்.

அந்தக் கம்பெனியில் அவர் பங்கு வாங்கியிருந்தார். ஓய்வுபெற்றபோது இபிஎஃப் சேமநிதியில் இருந்து எடுத்ததில் ஒரு பகுதியை நான்கைந்து கம்பெனிகளில் பிரித்துப் போட்டிருந்தார். அவற்றில் இது அவருக்கு மிகவும் பிடித்தது. விளம்பரம் இல்லை, ஆரவாரம் இல்லை. உலகத்தில் எதை விற்றாலும் ஒரு பெட்டிக்குள் போட்டுத்தானே விற்க வேண்டும் என்று நினைத்து வாங்கியது. வருடா வருடம் லாப ஈவு கொடுத்திருக்கிறார்கள். கொரோனாவில் ஊரே அடைந்துகிடந்த வருடத்தில்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் அவருக்கு மனது ஆறவில்லை. கைப்பேசியில் ஓடும் பச்சை, சிவப்பு எண்களைப் பார்த்துப் பார்த்து ஒரு கட்டத்தில், இந்த எண்களுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு கட்டடம் இருக்கிறதா, அதற்குள் ஆட்கள் வேலை செய்கிறார்களா என்று கண்ணால் பார்த்தால்தான் சரிப்படும் என்று தோன்றிவிட்டது.

வாசலில் இருந்த காவலாளி சாலையைக் கடந்து வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் பாலன் என்று பெயர் தைத்திருந்தது.

"அங்கிள், யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல தம்பி. நான் இந்தக் கம்பெனி ஷேர் வச்சிருக்கேன். எப்பிடி ஓடுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு…"

பாலன் அவரையும் அவருடைய பழைய சாகா காரையும், சட்டையெல்லாம் கறிபாப் தூளாக உட்கார்ந்திருந்த கென்னத்தையும் பார்த்தான். "அப்ப நீங்கதான் பாஸ்னு சொல்லுங்க" என்று சிரித்தான். அதில் கிண்டல் இல்லை.

"கேட்டுல ஒரு ஸ்குரூ அளவுக்கு பாஸ்."

"நல்லாத்தான் ஓடுது அங்கிள். என்ன, ரெண்டு மாசமா நைட் ஷிஃப்ட நிப்பாட்டிட்டாங்க. ஓவர்டைம் இல்ல. அதான் பசங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை செருப்பில் மாட்டிய கல்லாக உறுத்திக்கொண்டே வந்தது. இரவு வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆண்டறிக்கையில் அது இல்லை. அதில் தலைவர் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

லியனார்ட் எப்போதுமே இப்படி இருந்தவர் அல்ல. மனைவி சாந்தமேரி உயிரோடு இருந்தவரை வீட்டில் காசு விஷயம் எல்லாம் அவள் பொறுப்பு. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுநாள் செலவுக்கு அவளிடமே கைநீட்டுவார். அவள் போன மறுவருடம் இவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கென்னத்தை மகள் பெர்னிஸ் கிள்ளானுக்கு அழைத்துப்போனாள். அவன் அங்கே வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். சோற்றைத் தொடவில்லையாம். அக்கா ஊட்டியபோது வாயைத் திறந்தானாம், ஆனால் கண் மட்டும் கதவிலேயே இருந்ததாம். பெர்னிஸ் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் படுத்தபடியே மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பங்குகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார்.

யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாரும் நீண்ட காலத்துக்கு வாங்குங்கள் என்றார்கள். அவர்களுடைய நீண்ட காலம் பத்து வருடம், மிஞ்சினால் பதினைந்து. கடைசியில் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பதியின் படத்தைக் காட்டுவார்கள். லியனார்டின் நீண்ட காலம் அவர் கண்ணை மூடிய மறுநாள்தான் ஆரம்பிக்கும். கென்னத்துக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. தாத்தா மாதிரி எண்பதைத் தாண்டுவான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். தகப்பனாக அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும். அவரோ அந்த வருடங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

வாரத்தில் ஒருநாள் பிரிக்ஃபீல்ட்சில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில், கூட வேலை பார்த்த வேலாயுதத்தைச் சந்திப்பார். வேலாயுதமும் பங்கு வாங்குகிறவர். ஆனால் அவருக்கு அதுவொரு விளையாட்டு.

"எதுக்குப்பா இந்தத் தலைவலி? இபிஎஃப்லயே விட்டுருந்தா அவன் அழகா டிவிடெண்ட் போடுவான் லா" என்றார் வேலாயுதம், தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே.

"நான் இருக்கிற வரைக்கும் போடுவான். நான் போனதும் மொத்தத்தையும் தூக்கிக் கையில குடுத்துட்டுக் கணக்க மூடிருவான். கென்னத் கையில அவ்வளவு காசு இருந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு."

"அப்ப நான் சொன்னத வாங்கு. பன்னெண்டு பெர்சன்ட் குடுக்குறான்."

"எங்கேர்ந்து குடுக்குறான்?"

"எங்கேர்ந்து குடுத்தா உனக்கென்ன? குடுக்குறானா இல்லையா?"

அதுதான் லியனார்டுக்கு முடியவில்லை. எங்கேயிருந்து என்று தெரிந்தாக வேண்டும். ஆரம்பத்தில் அவரும் ஈவு அதிகமாகத் தெரிந்த ஒன்றை வாங்கி ஏமாந்தவர்தான். பங்கின் விலை சரிந்துபோனதால் ஈவுச் சதவீதம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. போதாததற்கு அவர்கள் நிலத்தை விற்று அந்தப் பணத்தில் பங்குதாரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கூரையைப் பிரித்து அடுப்பெரிக்கிற கதை. அதற்கப்புறம் அறிக்கைகளைப் பின்பக்கத்திலிருந்து படிக்கப் பழகினார். லாபம் எவ்வளவு என்பதைவிட, கையில் ரொக்கம் உண்மையிலேயே வந்ததா, கடன் ஏறுகிறதா, சம்பாதித்ததில் பாதியாவது தொழிலுக்குத் திரும்பிப் போகிறதா என்று தேடினார். மோசமான வருடத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தார். நல்ல வருடத்தில் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? இங்கிலீஷ் தடுக்கிய இடங்களில் பெர்னிசைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் அலுவலகத்தில் இருந்தபடியே அவசரமாகப் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் இப்ப எதுக்கு டாடி?" என்பாள். "சும்மா, மூளைக்கு வேலை" என்பார்.

முதல் ஈவு கணக்கில் விழுந்த அன்று கென்னத்தை லெபோ அம்பாங் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். அவன் பிரட்டல் கோழியை ஒதுக்கிவிட்டு அப்பளம் மட்டும் கேட்டுக் கேட்டுத் தின்றான். இந்த அப்பளத்தை எங்கோ ஒரு தொழிற்சாலை வாங்கிக்கொடுக்கிறது என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு ஒருநாள்தான் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல வேண்டும். அடுத்த நாளே, கொடுத்தவன் அடுத்த தடவை கொடுப்பானா என்ற யோசனை வந்துவிட்டது. குளித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைப் பார்க்க வேண்டும்போல இருக்கும். பூசையில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது பாமாயில் விலை ஞாபகம் வரும். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கென்னத் தன் கையை அந்தத் தொடைமேல் வைத்து அமுக்குவான். கையை எடுத்ததும் மறுபடி ஆடும்.

மேருவுக்குப் போய்வந்த சில வாரங்களில் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஈவைப் பாதியாகக் குறைத்தது. வேலாயுதம் உடனே போன் செய்தார். "நானும் உன்னப் பாத்துக் கொஞ்சம் வாங்கிருந்தேன் லா. வித்துட்டேன். நீயும் வித்துரு." லியனார்ட் விற்கவில்லை. கடன் வாங்கிப் பழைய அளவையே கொடுத்து நல்ல பேர் எடுப்பதைவிட, இல்லை என்று குறைத்துக் கொடுக்கிறவன் மேல் என்றுதான் பட்டது. ஆனாலும் காலுக்குக் கீழே தரை லேசாக நகர்ந்துவிட்டது. தான் இருக்கும்போதே பாதியாகிறது. தான் இல்லாதபோது யார் பார்ப்பார்கள்? யார் வாசலில் போய் நிற்பார்கள்? இனித் தள்ளிப்போடக்கூடாது, பெர்னிசிடம் பேசிவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிள்ளானுக்குப் போனார்கள். பெர்னிஸ் மீன்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டதும் அவள் கணவன் மார்வின் கென்னத்தைக் கூட்டிக்கொண்டு கார் கழுவ வெளியே போனான். தண்ணீர்க் குழாயும் சோப்பு நுரையும் இருந்தால் கென்னத் மணிக்கணக்கில் நிற்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி லியனார்ட் விஷயத்தை ஆரம்பித்தார். பெர்னிஸ் பேரில் ஒரு பங்குக் கணக்குத் திறக்க வேண்டும், போனிலேயே திறந்துவிடலாம், தன்னுடையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார்.

"எதுக்கு என் பேர்ல?"

"அவன் பேர்ல ஒண்ணும் வைக்க முடியாதும்மா. உன் பேர்ல இருந்தா காசு அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். நீ எடுத்து அவனுக்குச் செலவு பண்ணு. மொதல மட்டும் தொட வேணாம். எதெது எப்பிடின்னு நான் சொல்லித் தரேன்."

பெர்னிஸ் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள். "என் சம்பளத்துல நான் அவனுக்குச் சோறு போட மாட்டேனா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"அப்பிடித்தான் டாடி சொல்றீங்க. இத்தன நாளா ஒரே ஷேர், ஷேர். ஒருநாளாச்சும், பெர்னிஸ், எனக்கப்புறம் கென்னத்துக்கு என்ன பண்ணலாம்னு என்கிட்ட கேட்டிருக்கீங்களா? எவனோ ஒருத்தன் ஃபேக்டரி வாசல்ல போய் நின்னு பாக்குறீங்க. என் வீட்டுக்குள்ள வந்து கேக்கல."

லியனார்ட் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "கேட்டா நீ சரின்னுதான் சொல்லுவ. அதான் கேக்கல."

பெர்னிஸ் தட்டுகளைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"மார்வினுக்குப் பெர்த்துல வேலை கெடச்சிருக்கு."

வெளியே கென்னத் ஏதோ கத்திச் சிரித்தான்.

"போறீங்களா?"

"இன்னும் பதில் சொல்லல. இந்த மாசத்துக்குள்ள சொல்லணும். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் நான் திண்டாடிக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா டிவிடெண்ட் பத்திப் பேசுறீங்க."

வெட்கப்படவேண்டிய விஷயம், அவர் மனதில் முதலில் ஓடியது ஒரு கணக்குத்தான். கடல்தாண்டி அங்கிருந்தும் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம், போன் இருந்தால் போதும், எந்த ஊரில் இருந்தால் என்ன என்று. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. பணம் வந்துவிடும். தேதி தவறாமல் வந்து கணக்கில் விழும். எந்தக் கம்பெனியின் ஈவும் கதவைத் திறந்து உள்ளே வந்து, ஒருத்தனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்காது. இத்தனை அறிக்கைகளைப் படித்தும் இந்த ஒரு வரியை அவர் தாண்டித் தாண்டியே போயிருக்கிறார்.

"போங்க" என்றார். "நல்ல வேலைன்னா போகத்தான் வேணும்."

"போங்கன்னு சொல்லாதீங்க டாடி." அவள் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. "நீங்க இப்பிடிச் சொன்னா என்னால போக முடியாது."

அந்த வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. லியனார்ட் பங்கு விலை பார்ப்பதை விட்டுவிட்டு வீடுகளைத் தேட ஆரம்பித்தார். கென்னத் மாதிரி ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள். முதலில் போனது நகரத்துக்குள். வரவேற்பறையில் குளிர்சாதனம், சுவரில் பெரிய மனிதர்களோடு எடுத்த படங்கள், பளபளப்பான கையேடு. உள்ளே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட யார் வருகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அறிக்கை மட்டும் அழகாக இருக்கிற கம்பெனி என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார். இன்னோர் இடத்தில் இடமே இல்லை என்றார்கள். காரில் ஏறி உட்கார்ந்ததும் பெர்னிசுக்குப் போன் செய்தார். இதுவரை அவளிடம் மறைத்ததே போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். இரண்டு இடங்களைப் பற்றியும் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நீங்க தனியாப் போய்ப் பாத்துட்டு வந்து எனக்கு ரிப்போர்ட் குடுக்காதீங்க. அடுத்தது நானும் வரேன்."

அடுத்தது தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் இருந்தது. தொழிற்பேட்டையைத் தாண்டி, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டினாற்போல ஒரு பழைய பங்களா. அமுதவள்ளி என்ற அம்மாள் நடத்தினார். தாதியாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கார் நின்றதும் இரண்டு மூன்று பேர் ஓடிவந்து கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார்கள். ஒருவர் கென்னத்துக்குச் சலாம் வைத்தார். கென்னத் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

சுவரில் சாயம் உரிந்திருந்தது. லியனார்ட் அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தார். சமையலறைக்குள் போய்ப் பானை மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். அமுதவள்ளி தானே திறந்து காட்டினார். அங்கிருந்தவர்களின் விரல் நகங்களைப் பார்த்தார். ஆளுக்கொரு துண்டு தனித்தனியாகக் காய்கிறதா என்று பார்த்தார். பெர்னிஸ் இரவில் யார் இருப்பார்கள், மருந்து யார் கொடுப்பார்கள், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். தொகையைக் கேட்டதும் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வருகிற ஈவில் பெரும்பங்கு இதற்குச் சரியாகிவிடும். மீதியை அவள் போட வேண்டியிருக்கும். அவள் தலையை லேசாக அசைத்தாள்.

கடைசியில் லியனார்ட் தன் கேள்வியைக் கேட்டார். எந்தக் கம்பெனியின் தலைவரைப் பார்த்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

"ஆன்டி" என்று ஆரம்பித்து, அவருக்கும் தன் வயதுதான் இருக்கும் என்று நினைத்து, "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கப்புறம் இத யாரு பாப்பாங்க?"

பெர்னிஸ் அவர் முழங்கையைத் தொட்டாள். அமுதவள்ளிக்குக் கோபம் வரவில்லை. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"என் மகளுக்கு இதுல இஷ்டம் இல்ல. அவளக் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு பிள்ளைங்களப் பழக்கிக்கிட்டிருக்கேன். நிப்பாங்களான்னு தெரியாது. டிரஸ்ட்டுன்னு எழுதி வச்சிருக்கோம், கமிட்டி இருக்கு. ஆனா பேப்பர் வந்து சோறு ஊட்டாதுல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "இங்க வர்ற எல்லா அப்பா அம்மாவும் கேக்குற கேள்விதான் இது. அவங்க போனதுக்கப்புறம் நான் உக்காந்து அதையேதான் கேட்டுக்கிட்டிருப்பேன்."

லியனார்டுக்கு ஏனோ அந்தப் பதிலில் கொஞ்சம் மூச்சு வந்தது. நூறு வருடம் ஓடும் என்று சொல்லியிருந்தால் அப்போதே கிளம்பியிருப்பார்.

"மொதல்ல வாரத்துல ரெண்டு நாள் பகல்ல மட்டும் கொண்டாந்து விடுங்க" என்றார் அமுதவள்ளி. "அவருக்குப் புடிக்குதான்னு பாப்போம். உங்களுக்கும் பழகணும்ல."

காரை நோக்கி நடந்துபோகும்போது பெர்னிஸ் சொன்னாள். "மார்வின்கிட்ட ஆறு மாசம் டைம் கேக்கச் சொல்றேன். குடுத்தா குடுக்குறாங்க, இல்லாட்டி அவரு மொதல்ல போகட்டும்." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். "அந்த அக்கவுன்ட ஓப்பன் பண்றேன். ஆனா எதெத எதுக்கு வாங்குனீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லணும். சும்மா மூளைக்கு வேலைன்னு சொன்னா நடக்காது."

"சரிம்மா" என்றார். பிறகுதான் கென்னத் பக்கத்தில் இல்லை என்று தெரிந்தது. அவன் எப்போது சட்டையை விட்டான் என்று அவர் கவனிக்கவில்லை.

திரும்பி ஓடினார். சாப்பாட்டு அறையில் மதியச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நீளமான மேசை, இரண்டு பக்கமும் வெவ்வேறு நிறத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் ஒரு சிவப்பு நாற்காலியில் கென்னத் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் நரைத்த தலையோடு குள்ளமாக ஒருவர் கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். அது அவருடைய நாற்காலி என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கென்னத்தின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லியனார்ட் வாய் திறக்கப் போனபோது பரிமாறிக்கொண்டிருந்த பெண் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மேசையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து அந்தக் குள்ளமான மனிதர் தட்டை மேசையில் வைத்தார். அறையின் மூலைக்குப் போய் ஒரு நீல நாற்காலியைப் பிடித்து, கால்கள் சிமென்ட் தரையில் கிறீச்சிட, இழுத்துக்கொண்டு வந்தார். கென்னத் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். லியனார்ட் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.